டோலிப் பாதை

மனுக் காகிதத்தை மேஜைமேல் ஓங்கி அறைந்தார் சிவமுருகன். இன்ஜினியர் ராபினின் டீ தளும்பிக் கொட்டியது.

"ஆறு வருசமா எங்க மலைத் தெருவுக்கு ரோடு கேக்கிறோம். நீங்க ஒத்த வார்த்தைய எழுதி மூடி வச்சிட்டீங்க. அன்ஃபீசிபிளாம். அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

"செய்ய முடியாததுன்னு அர்த்தம்" என்றார் ராபின், டீயைத் துடைத்தபடி.

ஆடலூரிலிருந்து கூட வந்த பத்துப் பேரும் கத்தினார்கள். அவர்களோடு வந்தும் கத்தாமல் நின்றவள் கருப்பம்மாள் மட்டும்தான். அவள் மருமகளுக்கு இது எட்டாம் மாசம். போன தடவை வலி கண்டதும் மூங்கிலில் டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

"உங்க இங்கிலீச இந்தம்மாகிட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றார் சிவமுருகன். "நானும் பி.ஏ. படிச்சவன்தான். முடியாத வேலைக்குத்தான் அந்த வார்த்தை. மனசில்லாத வேலைக்கெல்லாம் அதப் போடக் கூடாது."

வார்டு மெம்பர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும். பத்துப் பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

ராபினுக்கும் கோபம் வந்துவிட்டது. ஃபைலைப் பிரித்தார்.

"ஒரு பக்கம் முழுப் பாறை. இன்னொரு பக்கம் காப்பித் தோட்டம். அதுல நாலு சென்ட் விட்டா ஜீப் உங்க வாசலுக்கே வரும். ஓனர் தர மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டார். ஊருக்குள்ள அவர் பேரு கெட வேண்டாம்னுதான் ஒத்த வார்த்தையோட நிறுத்தினேன்."

"எவன் சார் அவன்?" கூட்டத்தில் ஒருவர் பல்லைக் கடித்தார்.

ராபின் கடிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். அடியில் சிவமுருகனின் கையெழுத்து. பக்கத்திலேயே வார்டு மெம்பர் ரப்பர் ஸ்டாம்ப்.

ராபின் பேனா மூடியைத் திறந்தார்.

"நாலு சென்ட்டைத் தானப் பத்திரம் போட்டுத் தர்றேன்னு சொல்லுங்க. இப்பவே அந்த வார்த்தைய அடிச்சிடறேன்."

சிவமுருகன் தொண்டையைச் செருமினார்.

"நல்லாக் காய்க்கிற செடிங்க சார். மிளகுக் கொடி வேற ஏத்தி விட்டிருக்கேன். இதெல்லாம் நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்க."

அதுவரை வாய் திறக்காத கருப்பம்மாள் மேஜையருகே வந்தாள்.

"அந்த வார்த்தைய அடிச்சிருங்க சார். மனசில்லைங்கிறதுக்கு இங்கிலீசுல என்ன வார்த்தைன்னு இவருகிட்டக் கேட்டு எழுதிக்கிடுங்க. பி.ஏ. படிச்சவரு, தெரியும்."