நாலு குண்டு பல்புகள்

ஆண்கள் வார்டில் பதினெட்டு குண்டு பல்புகள். நசீருதீன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கட்டடம், மோட்டார், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. மழை பொய்த்த வருடம். கரண்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள். அளவு மீறினால் இணைப்பே போய்விடும். எதை மாற்றுவது, எதை நிறுத்துவது என்று மாலைக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. மத்தியான வெயில் ஜன்னல் கண்ணாடியில் பாலாக வழிந்தது. கால்கள் தரையில் படுகின்றனவா என்றே சந்தேகமாக இருந்தது. சேலத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் தர்மனின் குரல், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கூடவே வந்தது.

வார்டுகளுக்கெல்லாம் டியூப் லைட் என்று முடிவாயிற்று. மோட்டார் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். ஆபரேஷன் அறையில் கை வைக்கவில்லை.

கடைசியாக, குறைமாதக் குழந்தைகளின் அறை.

ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. சுற்றிலும் வெள்ளைத் துணி. மேல்மூடியில் நாலு குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. பழுத்த மாம்பழத்துக்குள் வந்து நிற்பதுபோல் இருந்தது நசீருதீனுக்கு.

தர்மன் வாசலிலேயே நின்றுகொண்டான். குரலைத் தாழ்த்தினான்.

"குண்டு பல்பு தின்ற கரண்டுல முக்காவாசி சூடாத்தாங்க வீணாப் போவுது. இங்க மட்டுந்தான் அது வீணில்ல. இத வுட்டுடலாங்க."

நசீருதீன் தலையாட்டினார். அந்த நாலு பல்புக்கு ஈடாகத் தன் அறையின் மின்விசிறியையும் விளக்கையும் பட்டியலிலிருந்து அடித்தார்.

தர்மன் போன பிறகு நர்ஸ் தெரசா உள்ளே வந்து துணியை ஒதுக்கினாள்.

உள்ளே மடித்துவைத்த விரிப்பு மட்டும் கிடந்தது.

விடிகாலையில் குழந்தை போய்விட்டது. அதை அடக்கம் செய்துவிட்டு வந்துதான் நசீருதீன் நோட்டைக் கையில் எடுத்திருந்தார்.

"அவங்களுக்கு ஜுரம் எறங்கட்டுங்க சார். அப்புறமா நானே பக்குவமாச் சொல்றேன்."

"வேணாங்க சிஸ்டர். நாந்தான் சொல்லணும்."

எதிர் வார்டில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த அவர் மனைவி வஹிதா, கதவுக் கண்ணாடி வழியே அந்த மஞ்சள் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் அந்த அறையிலிருந்து வெளியே வருவதைக் கண்டதும், தூங்குகிறானா என்று கன்னத்தில் கை வைத்துச் சைகையில் கேட்டாள்.

நசீருதீன் ஆமாம் என்று தலையசைத்தார்.