மைனா வைத்த ஜன்னல்

இலுப்பை மரத்துப் பொந்தில் மூன்று முட்டைகளோடு இருந்த மைனா, புழுக்கம் தாங்காமல் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் குடைந்துகொண்டது. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது.

அப்புறம்தான் அடுத்த பொந்துக் கிளி தலையை நீட்டியது. "மரங்கொத்தி ஐயாகிட்ட கேட்டியா? அவர் சம்மதம் இல்லாம இந்த மரத்துல யாரும் ஓட்டை போடக் கூடாதே! பொந்தையே காலி பண்ணச் சொல்லிடுவார்."

முட்டைகளோடு எங்கே போவது? மைனாவுக்கு இரை இறங்கவில்லை. இரண்டு நாள் தவித்துவிட்டு, தானே போய் மரங்கொத்தியிடம் சொல்லிவிட்டது.

மரங்கொத்தி வந்து ஜன்னலைச் சுற்றி டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தது. 

"கீழ்ப்பக்கம் உளுத்திருக்கு. இன்னும் ஒரு கொத்து கொத்தியிருந்தா முட்டையெல்லாம் தரையில கிடக்கும். இதோட நிறுத்திக்கோ. ஜன்னல் இருக்கட்டும்மா. முன்னாடியே கேட்டிருந்தா நல்ல இடமாக் காட்டியிருப்பேன்."

மைனாவுக்கு உயிர் வந்தது. அது நன்றி சொல்லி முடிப்பதற்குள் கிளி மெல்ல நகர்ந்து வந்தது.

"ஐயா, நம்ம பொந்தையும் ஒரு எட்டு பார்த்துடுங்க. போன வருஷம் பின்பக்கம் ஒரு வாசல் வெச்சேன்."

"அப்படியே எங்க வீட்டையும்!" என்றது மேல் கிளை அணில்.

மரங்கொத்தி அந்த மரத்தை விட்டுக் கிளம்பப் பொழுது சாய்ந்துவிட்டது.