டிஸ்க்கில் மாட்டிய கல்யாணம்

“அத்தை, இனிமே அந்த பேக்கப் பட்டனைத் தொட்டீங்க, கையிலயே ஒண்ணு போடுவேன்!”

மருமகள் வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மிரட்டல்.

என் ஸ்டுடியோவில் நான் வைத்ததுதான் சட்டம். மணமேடையில் நிற்கிறவர்களையே தாடையைப் பிடித்துத் திருப்பிவைத்துப் படம் எடுக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நிற்காமல் என்ன செய்வது? ஒரு கல்யாணம் முழுதாகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மெமரி கார்டுகளை அழித்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோய்விட்டேன். வேறு பிரதி கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் பேக்கப் போட்டேன். சனியன், பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். அதே இடத்தில் நின்றது.

கம்ப்யூட்டர் கடைக்காரன் வந்தான். கேபிளை மாற்றினான், சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான், கடைசியில் கையை விரித்தான்.

நான் விடுவேனா? ஆத்திரம் வந்தபோதெல்லாம் அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதுவும் பலிக்காமல் போகவே, வெட்கத்தை விட்டு இவளுக்குப் போன் போட்டேன். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த கெட்டிக்காரி இவள் ஒருத்திதான்.

அவள் எதையும் அழிக்கவில்லை. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். எதையோ அதில் ஏற்றி, திருப்பி எடுத்துப் பார்த்தாள். இதில் ஒரு குறையும் இல்லை என்று ஓரமாக வைத்தாள்.

பிறகு கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தாள். என்னையும் வைக்கச் சொன்னாள்.

டிக். டிக். கொஞ்சம் பொறுத்து, மறுபடி டிக்.

பேக்கப்பில் கோளாறே இல்லையாம். படங்கள் இருக்கிற ஹார்டு டிஸ்க்கில்தான் ஓரிடம் புண்ணாகிவிட்டதாம். பேக்கப் அந்த இடத்துக்கு வந்ததும் படிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. நான் பட்டனை அமுக்க அமுக்க, அந்தப் புண்ணைத்தான் நோண்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.



சும்மா சொல்லக்கூடாது, அவள் வேலை செய்கிற அழகைப் பார்க்கவேண்டும். நல்ல இடத்தில் இருந்ததை எல்லாம் முதலில் பத்திரமாக வெளியே எடுத்தாள். அதன் பிறகே புண்ணான இடத்துக்கு வந்தாள். அங்கே இருந்தது, தேதி மட்டும் போட்ட ஒரே ஒரு ஃபோல்டர்.

யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டாள். தெரிந்தவர்கள் வீடு என்றேன்.

அதை மொத்தமாக எடுக்க முடியவில்லை. சில படங்களை எடுத்தாள், டிஸ்க்கை நிறுத்தி ஆறவிட்டாள், மறுபடி சில படங்கள். எடுத்ததை ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்க்கவேண்டுமாம். முழுதாக வந்ததுபோலத் தெரியும். திறந்தால் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாக இருக்கும்.

இப்படித் திறந்து பார்ப்பாள் என்று தெரிந்திருந்தால் நான் அவளைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

முதல் படத்தைத் திறந்தாள். மவுஸின் மேல் கை அப்படியே நின்றது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். குடித்தாள். அடுத்த படத்தைத் திறந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. சாம்பல் விழுந்த படத்தைத் திரும்பப் போய் எடுத்தாள். வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி எடுத்தாள். ஒன்றைக்கூட, போனால் போகட்டும் என்று விடவில்லை. நானாக இருந்தால் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். என்ன பொறுமை, அம்மாடி! எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் பெண்ணுக்கு!

சாயங்காலம் டிஸ்க் ஒருமுறை கரகரத்து அடங்கிப்போனது. அதற்குள் அத்தனை படங்களையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள். புது டிஸ்க்கில் ஒரு பிரதி, பேக்கப்பில் ஒரு பிரதி.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பொண்ணு கண்ணை மூடியிருக்கிற படத்தையெல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன், அத்தை. அதை ஆல்பத்துல போட்டுடாதீங்க. பாவம்.”

அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஊரார் கல்யாணத்தை எல்லாம் எடுத்தவள், என் வீட்டுக் கல்யாணத்தை இன்னொருத்தர் கையில் கொடுப்பேனா? அதனால்தான் நானே எடுத்தேன்.

அவள் போன பிறகும் கடைசிப் படம் திரையில் திறந்தபடியே இருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் என் ஒரே மகன். இவள் ஒருநாள் நின்ற இடத்தில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் புது மருமகள்.