சூரியன் யார் வீட்டுச் சொத்து?

"சார், கொஞ்ச நேரம் போதும். என் மோட்டார் மிஷினை உங்க வீட்டு பிளக் பாயிண்ட்ல சொருகித் தச்சுட்டுப் போயிடறேன்."

எதிர்வீட்டுத் தையல்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். கழுத்தில் இஞ்ச் டேப், தோளில் ஒரு கல்யாண உடுப்பு.

"சாயங்காலம் பொண்ணு வந்து நிப்பா சார். கீழ்ச்சுத்து முழுக்க மடிச்சு அடிக்கணும். இதை விட்டேன்னா, தைக்கக் குடுத்த பெரிய கடைக்காரங்க இனிமே எனக்கு ஆர்டரே தரமாட்டாங்க."

"இப்ப முடியாதும்மா. வீட்ல... ஒட்டடை அடிக்கிறோம்."

மாடியில் சோலார் போட்டதால் தெருவுக்கே 'சோலார் சார்' ஆகிவிட்டவர் கதவைச் சாத்திவிட்டார்.

காலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்ததிலிருந்து தெருவில் கரண்ட் இல்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. மர நிழலில் கூடியிருந்தவர்கள் வெறும் வாயையே நன்றாக மெல்லுவார்கள். இப்போது அவலும் கிடைத்துவிட்டது.

"மொட்டை மாடி முழுக்கப் பலகை பலகையா அடுக்கி வச்சிருக்காரு. ஒரு பிளக் குடுத்தா குறைஞ்சா போயிடுவாரு?"

"சூரியன் என்ன அவரு அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார் ஓய்வு பெற்ற தபால்காரர். "போன கூட்டத்துல எப்படி மார் தட்டினாரு! 'ஊரே இருண்டாலும் என் வீட்டு விளக்கு எரியும்'னு. இவருக்கா நம்ம தெருச் சங்கத் தலைவர் பதவி? ஞாயித்துக்கிழமை ஓட்டுப் போடறப்ப பாத்துக்கலாம்."

கதவுக்கு உள்ளே சோலார் சாரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேன் ஓடவில்லை. லைட் எரியவில்லை. ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

விஷயம் இதுதான். அவர் போட்டிருந்தது தெருக் கரண்டோடு கைகோத்து ஓடுகிற சோலார். மிச்சமாகிற மின்சாரம் கம்பி வழியே வெளியே போகும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் தெருவில் கரண்ட் போனால் இதுவும் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் கதி அதோகதிதான். பேட்டரி வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். மாட்ட வந்தவர் இதையெல்லாம் விளக்கியபோது சார் மாடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரியும் சேர்த்து வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றாள் மனைவி, செய்தித்தாளால் விசிறிக்கொண்டே.

"மெதுவாப் பேசு. வெளியில கேட்கும்."

"நம்ம வீட்லயும் இல்லைன்னு சொல்லிட்டாத்தான் என்னங்க?"

"சிரிச்சே கொன்னுடுவாங்கடி! கஞ்சன்னு திட்டினா திட்டிட்டுப் போகட்டும். அதுல ஒரு கெத்தாவது இருக்கு."

கெத்தைக் காப்பாற்ற அவர் போனை ஜன்னலோரம் வைத்துச் செய்தியை அலறவிட்டார். டிவி ஓடுகிறதாம்! செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருந்தபோது சார்ஜ் தீர்ந்து போன் உயிரை விட்டது.

"சேனல் மாத்துறாரு போல," என்றது வெளியே ஒரு குரல்.

"அடுத்து என்ன, நான் மிக்ஸி மாதிரிக் கத்தணுமா?" என்றாள் மனைவி.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் இடுக்கு வழியே எதிர்வீடு தெரிந்தது. தையல்காரி படியில் உட்கார்ந்து அத்தனை நீளத் துணியையும் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன், உன் பழைய கால்மிஷின் இன்னும் இருக்கா?"

"இருக்கே. அதுமேலதான் சோலார் புத்தகமா அடுக்கி வச்சிருக்கீங்க. ஆனா இரும்புக் கனம் கனக்கும், அங்க தூக்கிட்டுப் போக முடியாது. அவதான் உள்ளே வரணும்."

உள்ளே வந்தால் குட்டு உடைந்துவிடும். சார் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, எதிர்வீட்டைப் பார்த்துக் கையசைத்தார்.

தையல்காரி ஓடி வந்தாள். ஃபேனைப் பார்த்தாள், செத்த போனைப் பார்த்தாள், சாரின் சட்டையையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. மிஷினை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து மிதிக்க ஆரம்பித்தாள். மனைவி எண்ணெய் விட்டாள். துணி தரையில் படாமல் சார் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுது. ரொம்ப நன்றி சார், வரேன் அக்கா," என்று அவள் வெளியே போனதும் தெரு சூழ்ந்துகொண்டது.

"எப்படித் தச்ச? மனசு இறங்கிக் கரண்ட் குடுத்துட்டாரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு இடுக்கில் சாரின் முகம் தெரிந்தது.

"பின்னே? ஏசியே போட்டு விட்டாங்க. குளிர்ல கையெல்லாம் விறைச்சுப் போச்சு," என்றாள், நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்தபடி.

முகத்தில் அடிக்கிற மாதிரி கதவைச் சாத்தியவருக்காக அவள் பொய் சொல்வதா? பதவியும் வேண்டாம், கெத்தும் வேண்டாம் என்று வாசலுக்கு வந்துவிட்டார்.

"அந்தம்மா சொல்றது பொய்! என் வீட்லயும் கரண்ட் இல்லை. காலையிலேர்ந்தே இல்லை. இருக்கிற மாதிரி நான்தான் நடிச்சேன்!"

தெருவே அவருடைய நனைந்த சட்டையை மேலும் கீழும் பார்த்தது.

முதலில் வாய் திறந்தவர் தபால்காரர்தான்.

"பாத்தீங்களா அநியாயத்தை? நாமளும் போய் சார்ஜ் போடக் கேட்டுடுவோம்னு, சட்டை பூரா தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு வந்து நடிக்கிறாரு!"