பெரியவர் வாறார்

மைமல் பொழுது, இருள் கவியத் தொடங்கியிருந்தது. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது.

"பெரியவர் வாறார்!"

காவல் பரணிலிருந்து வல்லிபுரம் போட்ட சத்தம்.

அவ்வளவுதான், கொலனியே கிளம்பிவிட்டது.

வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய இந்த நாலைந்து குடும்பங்களில் யானையை யாரும் பேர் சொல்வதில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு வந்து நிற்கும் என்று வந்த புதிதிலேயே படித்துக்கொண்டார்கள். பெரியவர் என்றால் போதும். எல்லாருக்கும் விளங்கும்.

அடுப்படியிலிருந்த அவளும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தூக்கினாள். இன்றைக்கென்று பார்த்தா வரவேண்டும்!

இன்று மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற நாள்.

"ஆனை திரியிற காட்டுக்கை என்ர பேத்தி வளரத் தேவையில்லை" என்று சொல்லியனுப்பியிருந்தார். கையோடு குடும்பத்தையே கூட்டிப்போகத்தான் வருகிறார். அவள் புருஷன் தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை. போனால் போனதுதான்.

அவளுக்குப் போக மனமே இல்லை. அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை இருந்ததில்லை. இங்கே மூன்று ஏக்கர் இருக்கிறது.

காலையிலேயே வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருந்தாள். மாமாவின் காதில் ஆனைப் பேச்சே விழக்கூடாது. வல்லிபுரத்திடம், அவர் வருவது தெரிந்தால் ஒரு குரல் கொடுக்கவும் சொல்லியிருந்தாள்.

குரல் கொடுக்கச் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஐயோ.

ஓடினாள். அதற்குள் எல்லாரும் வண்டிப்பாதையில் நின்றார்கள். தகரம், சட்டி, தீப்பந்தம், காது கிழியும் கூச்சல். பொன்னுத்துரை சீனவெடியைக் கொளுத்தி எறிந்தான்.

புகை விலகியது.

பாதையில் நின்றவருக்குத் தும்பிக்கை இல்லை. தோளில் சால்வையும் கையில் குடையும் இருந்தன.

தகரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வல்லிபுரம் பரணிலேயே குந்திவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வயசான மனிதரைப் பேர் சொல்லியா கூப்பிடுவது?

மாமனார் அசையவில்லை. வேலிச் சண்டை பிடித்துப் பிடித்து, ஊரில் முகம் பார்த்துப் பேச ஓர் அயலவரை மிச்சம் வைக்காத மனிதர். அவர் ஒழுங்கையால் வந்தால் வீட்டுப் படலைகள் சாத்தப்படும்.

"எனக்கோ... உந்த மேளமெல்லாம்?"

குடையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

 உண்மையைச் சொன்னால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க, அவளுக்குப் பெட்டியை மறந்து பாவமாக இருந்தது.

"வேற ஆருக்கு, மாமா?"

தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

விட்ட இடத்தில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை தாளம்கூட ஓரளவு சேர்ந்தது.

அவர் சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பேத்தியை வாங்கிக் கொஞ்சினார். பிறகு நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தார். குடிசைகள், வயல், வாய்க்கால். வேலி என்று ஒரு கதியால்கூட நடப்படவில்லை.

"அங்கால கிடக்கிற காணித் துண்டு ஆரின்ர, பிள்ளை?"

அங்கால முழுக்கக் காடு, மற்றப் பெரியவருடையது.

அவள் வாய் திறக்குமுன் பேத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லை பார்க்க நடந்துவிட்டார்.

பந்தம் பிடித்திருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு பந்தங்களை உயர்த்திக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினார்கள்.