ஒரு ஜோடி செருப்பு

"புருஷன் கடல்லயிருந்து வரலங்கிறதே விடிஞ்ச பொறவுதான் மகாராணிக்குத் தெரிஞ்சிருக்கு!"

மீனை ஏலம் போடும் அதே குரலில் ஊருக்கே கேட்கச் சொன்னார் ஹென்றி அண்ணாச்சி.

நேற்றுக் காலை நண்டு வலை எடுக்கத் தனியாகப் போன மரியான் திரும்பவில்லை. இன்று அவனுடைய சிறு படகான வத்தை மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலமே சொல்லியிருந்தா பத்து படகு போயிருக்கும்லா! அண்ணன உசுரோட தூக்கியிருப்போமே!" மரியானின் தம்பி பவுல் மணலை ஓங்கி மிதித்தான்.

"ஏளா, அப்படி என்னளா தூக்கம் ஒனக்கு?" பக்கத்து வீட்டு கிளாடிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

மரியானின் மனைவி விஜிலா கவிழ்ந்த வத்தைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

ஜெஃப்ரி கேமராவைத் தூக்கினான். டவுனில் மில்லர்புரத்துப் பையன். தினம் இணையத்தில் ஒரு படம், கீழே ஒரு வரிக் கவிதை. நேற்றுப் போட்டது, அலைதடுப்புக் கல்மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அறுந்த வாரை வலைநூலால் கட்டியிருந்தது. 'பாதம் போனபின்னும் பாதை காத்திருக்கிறது.'

பதினோராயிரம் லைக்! 'ஐயகோ, செருப்பில் வாழ்வைக் கண்டீரே!' என்று ஒரு தமிழய்யா உருகியிருந்தார்.

விஜிலாவின் முகத்தில் வெயில் அம்சமாக விழுந்தது. இந்தப் படத்துக்கு 'அலட்சியம்' என்று பெயர் வைத்தால் என்ன?

அவளே எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, நேத்துப் போட்ட செருப்புப் படத்த அழிச்சிருங்க. காலைல எம் மவ போன்ல காட்டுனா."

இவளுக்குக் கவிதை எங்கே புரியப் போகிறது? "ஏன்க்கா, அதுல என்ன இருக்கு?"

"அது எங்க வீட்டு ஆளு செருப்பு. கடலுக்குப் போகும்போது கரையில குருசடிக் கோயில் படியில கழட்டிப் போட்டுட்டுத்தான் போவாவ. கரையேறுனா மாட்டிக்கிட்டு நேரே சீட்டாடப் போயிருவாவ. விடிஞ்சாத்தான் வீடு. அதனால தெனம் சாயங்காலம் வந்து படியப் பாப்பேன். நேத்து படியில செருப்பு இல்ல. கரையேறிட்டாவன்னு போய்ப் படுத்துட்டேன்."

ஜெஃப்ரி கேமராவைக் கீழே இறக்கினான்.

படியில் வெயில் இல்லை. கல்மேல் இருந்தது. நேற்று அவன்தான் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கல்மேல் வைத்தான். திருப்பி வைக்க மறந்துபோனான்.

"அக்கா... நான்தான்..."

"சத்தம் போடாதீங்க." பவுல் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "ஊரு என்னையவே ஏசிட்டுப் போவட்டும். எங் கொழுந்தன் கண்ணுல படுறதுக்குள்ள அழிச்சிட்டுக் கெளம்புங்க. ஒங்க அம்மை ஒங்க செருப்பத் தேடி வரக் கூடாதுல்லா."