மலை மேல் ஓர் இரவு
மாலை வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. தையல்காரி மிஷினை மூடிவிட்டுக் கணவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். மகள் வீட்டுக்குப் போகும் வழியில் விமானம் ஒரு தீவில் ஒரு நாள் நிற்கும். அங்கே மலையுச்சிக்கு ஜீப்பில் ஏற்றிப்போய் நட்சத்திரம் காட்டுகிறார்களாம். "இருட்டுப் பார்வைதான் முதல்ல போகும்" என்று கணவரின் கண்ணைச் சோதித்த டாக்டர் கையை விரித்ததிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. அது போவதற்குள் அவர் கண் நிறையப் பார்த்துவிட வேண்டும்.

"மேல பயங்கரக் குளிராம். உங்க கோட்டுக்கு உள்துணி வச்சுத் தைச்சுடறேன்."

"தை, தை. நீ மப்ளர் சுத்திக்கிட்டா கரடி மாதிரியே இருப்ப."

சிரித்துக்கொண்டே போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "இந்தப் படத்தைப் பாருங்க, நட்சத்திரம் எப்படிக் கொட்டிக் கெடக்குன்னு."

அவர் குனிந்து, அவசரமில்லாமல் பார்க்கிறார். "அடேயப்பா! உப்பை வாரி எறைச்ச மாதிரில்ல இருக்கு!"

அவள் போனைத் தன் பக்கம் திருப்புகிறாள். திரை எப்போதோ அணைந்துபோயிருக்கிறது. அவர் இன்னும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. அவள் போனை மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"அப்ப, ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுடட்டுமா?"

"போடு, போடு. ஜன்னலோரம் எனக்குத்தான்" என்கிறார், போன் இருந்த இடத்தைப் பார்த்தபடியே.